சோக்கா ஓடுது

எங்கள் காருக்கு என் தங்கையைப் பிடிக்கும், என்னைப் பிடிக்காது என்றுதான் வீட்டில் எல்லோரும் வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தோம். வாங்கியது நான். கழுவித் துடைத்து, ஒயில் மாற்றி, டயருக்குக் காற்றடித்துப் பார்த்துக்கொள்வதும் நான். ஆனாலும் லிந்துலை மலைக் குளிரில் காலையில் நான் தனியாக ஏறிச் சாவியைத் திருப்பினால் அது இருமும், செருமும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் வந்து இறக்கத்தில் தள்ளிவிட வேண்டும். அதற்காகவே வண்டியின் மூக்கு எப்போதும் இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவைப்போம். தங்கை வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் கதை வேறு. அவள் பையை மாட்டி, துப்பட்டாவைச் சரிசெய்து, "ம், போலாம்க்கா" என்பாள். ஒரே திருப்பில் உறுமி எழுந்துவிடும்.

ராசிக்காரி என்று அம்மா அவளுக்குப் பட்டமே கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு மாமாவின் ஆட்டோவும் குளிரில் அடம்பிடிக்கிற ரகம்தான். ஒரு நாள் அவர் வாசலில் வந்து நின்று, பாப்பாவைக் கொஞ்சம் நம்ம வண்டியில வந்து உட்காரச் சொல்லுங்க என்று அம்மாவிடம் கேட்டார். தங்கை அலட்டிக்கொள்ளாமல் போய் ராணி மாதிரி உட்கார்ந்தாள். ஆட்டோ அசையவில்லை. பாப்பாவோட ராசி சொந்த வீட்டுக்கு மட்டும்தான் போல என்று சொல்லிவிட்டு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளப் போனார்.

கார் என்று பெருமையாகச் சொன்னாலும் அது ஹட்டனில் ஒரு கடை முதலாளியின் வீட்டுக் கொட்டகையில் பல வருடம் படுத்துக் கிடந்த சின்னஞ்சிறு பழைய கார். நிறம் ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் ஓய்ந்த பிறகு, ஓட்டப் பழகி, லைசன்ஸ் எடுத்து, அதை வாங்கினேன். எங்கள் தோட்டத்து டிவிசனில் ஒரு பெண் சொந்தக் காரை ஓட்டுவது அதுதான் முதல் தடவை. நான் வளைவில் கியர் மாற்றுகிற சத்தத்துக்குக் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். தங்கை தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் அவளைக் கொண்டுபோய் டவுனில் இறக்கிவிட்டு, திரும்பி மலையேறிப் பள்ளிக்கூடம் போவேன். சாயந்திரம் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். அவள் கையில் எப்போதும் ஒரு பெரிய துணிப்பை இருக்கும். அதற்குள் சோற்றுக் கேரியர், தேத்தண்ணி பிளாஸ்க், தண்ணீர்ப் போத்தல், குடை, ஸ்வெட்டர், போதாததற்கு ஒரு ஜோடி செருப்பு வேறு. ஒரு குடும்பமே அதில் குடியிருக்கலாம். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், டாஷ்போர்டின் அடியில் ஒரு தடித்த கம்பிக் கொக்கி கீழ்நோக்கிச் சாய்வாக நீட்டிக்கொண்டிருந்தது. பை மாட்டுவதற்கென்றே முதலாளி வைத்திருக்கிறார் என்று நினைத்தோம். முதல் நாளே அவள் அதில் பையை மாட்டிவிட்டாள். எவ்வளவு யோசனையான ஆள் என்று அவரை இரண்டு பேரும் பாராட்டிக்கொண்டோம்.

இவ்வளவு நல்ல வண்டிக்கு இரண்டு கெட்ட குணம் இருந்தது. ஒன்று, பெட்ரோல் குடித்தது. திங்கட்கிழமை வயிறு முட்ட நிரப்பினால் வியாழக்கிழமைக்குள் முள் படுத்துவிடும். இன்னொன்று, நாறியது. சும்மா புகை நாற்றம் இல்லை. பச்சைப் பெட்ரோலும் கரியும் கலந்து, கண்ணைக் கரித்து, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம். அவிந்துபோன மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்துகிற பகுதியில் காலமெல்லாம் வேலை செய்த அப்பா, மூக்கைச் சுருக்கி ஆழமாக இழுத்துப் பார்த்து, இது எரிந்த வாடை இல்லை, எரியாத வாடை என்றார். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, அவரையும் சேர்த்து.

இதில் பெரிய வேடிக்கை, தங்கை ஏறினால்தான் நாற்றமும் ஏறும். டவுனில் அவள் இறங்கினதும் நாற்றமும் இறங்கிவிடும். சாயந்திரம் அவளோடு மேட்டில் ஏறும்போது சகிக்க முடியாது. பின்னால் வருகிற பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தே திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ஹட்டன் வரை போய் வந்தால் ஒரு வாடையும் இருக்காது. இதை நான் அவளிடமே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

இந்த நேரம் பார்த்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கொத்மலைப் பக்கம். நல்ல பையன், வாய் நிறையச் சிரிப்பான். அக்காள் இருக்கத் தங்கைக்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் கேட்ட இடத்திலேயே வைத்துக் கொடுத்தேன். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நானே முடிவெடுத்து வருடங்கள் ஆகிவிட்டன. ஊருக்குத்தான் இன்னும் பழகவில்லை. எனக்கு அந்தக் கல்யாணத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவளை மணப்பெண்ணாக என் காரில் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு போய்க் கோயிலில் இறக்க வேண்டும்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த அக்கா ஒருவர் தோட்டத்து லொறியில் ஏறிக் கல்யாணத்துக்குப் போனார். நல்ல மழை. நான்கு பேர் தார்ப்பாயைப் பிடித்திருந்தும் கூறைச்சேலை பாதி நனைந்துவிட்டது. அதைப் பார்த்து என் தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். அழாதே, உன்னை நான் என் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். அப்போது எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் அவள் அதை நம்பினாள். ஓட்டப் பழகப் போன முதல் நாள் என் மனதில் இருந்தது அந்த வாக்குத்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பூ அலங்காரம் செய்த பெரிய கார் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள். வேண்டாம், பெண்ணை நாங்களே கொண்டு வருவோம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். அனுப்புங்க, பார்க்கலாம் என்றாள். வீட்டுக்குள் வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை.

"கூறச்சேலையில பெட்ரோல் நாத்தத்தோட போய் மணவறையில உட்காரச் சொல்றியாக்கா? நாத்தம் போச்சுன்னா ஒன் வண்டி. போகலன்னா அவங்க வண்டி. அம்புட்டுதான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அன்று முதல் வீடே வைத்தியசாலை ஆகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். யாரோ குழாய் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சுகிறார்கள் என்று அப்பா தீர்மானித்து, டாங்கி மூடியைச் சுற்றிக் கம்பியால் கட்டிவிட்டார். அந்தக் கட்டை அவிழ்க்க எனக்கே குறடு தேவைப்பட்டது. பெட்ரோல் நிரப்பப் போனால் பம்ப்காரப் பையன் கம்பியைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், பிறகு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அம்மாவின் முடிவு, இது கண் திருஷ்டி. கல்யாணப் பெண் தினமும் காரில் போய் வருவதை ஊரே பார்க்கிறது, பிறகு நாறாமல் என்ன செய்யும் என்று கேட்டாள். செவ்வாயும் வெள்ளியும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் ஊறுகாய்க்குப் பழம் இல்லை.

நான் கராஜுக்குப் போனேன். தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக் பாஸ் சிங்களவர். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், நானும் அதே மாதிரி கலந்து பதில் சொல்வேன். எங்கள் ஊரில் பாதிக் காரியம் இப்படித்தான் நடக்கிறது. அவர் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பி, ஈரமாக இருந்தது. சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் கண்மை தொட்ட மாதிரி கறுப்பு. பெட்ரோல் அளவுக்கு மேலே போகிறது, முழுதும் எரியாமல் வெளியே வருகிறது, அதுதான் நாற்றம் என்றார். ஏன் அளவுக்கு மேலே போகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஏனென்றால் அவருக்கு முன்னால் வண்டி பரம சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் பிள்ளையை டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் அங்கே போய்ச் சிரித்து விளையாடுமே, அப்படி.

பொனட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "சோக் எக கொஹொமத, மிஸ்?"

சிங்களத்தில் ஷோக் என்றால் அருமை, பிரமாதம். நாங்களும் ஒன்று நன்றாக இருந்தால் சோக்கா இருக்கு என்றுதான் சொல்வோம். வண்டி ஓட்டம் எப்படி, நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நாறினாலும் அது என் வண்டி. இன்னொருத்தரிடம் விட்டுக்கொடுப்பேனா?

"சோக் தமாய், பாஸ். சோக்கா ஓடுது," என்றேன்.

அவர் தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். "காலைல சோக் போடுறதுதானே மிஸ்?"

எனக்குச் சுருக்கென்றது. சோக்குப் போடுவது என்றால் பவுடர் பூசி மினுக்கிக்கொண்டு திரிவது. ஒரு டீச்சரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? அந்தப் பழக்கமெல்லாம் எங்களுக்கு இல்லை பாஸ் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி, அப்படியென்றால் இந்தக் குளிரில் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டார். தங்கச்சி ஏறினால் ஆகும் என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன். அவர் பிளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தமிழில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும். பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு, பார்ப்போம் மிஸ் என்று அனுப்பிவிட்டார்.

மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடமும் போனேன். எங்கள் இரண்டு பேரையும் அவருக்கு நல்ல பழக்கம். எயார் பில்டரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று கடையில் நின்ற ஒருவர் ஆலோசனை சொன்னார். நானா அவரை ஒரு பார்வை பார்த்து, கல்யாண வீட்டை வேறு வீடாக ஆக்காதீங்க என்று அடக்கிவிட்டார். புதுப் பில்டரோடு அன்று சாயந்திரம் தங்கையை ஏற்றிக்கொண்டு மேட்டைத் தொட்டேன். இரண்டாவது வளைவில் அவள் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓட்டும்போது அழக்கூடாது என்பதால் திட்டினேன். வண்டியை, பெட்ரோலை, ரோட்டை, அவளுடைய மாப்பிள்ளையைக்கூட.

கல்யாணம் நெருங்கவும் அவள் வேலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். மஞ்சள் பூசி வீட்டில் உட்கார்த்திவிட்டார்கள். நான் தனியாகப் போய் வந்தேன். காலையில் வழக்கம்போல் தள்ளல்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாடை கிடையாது. வியாழக்கிழமை வந்தது, முள் பாதியில் நின்றது. அம்மாவுக்கு முகமெல்லாம் வெற்றி. நான்தான் சொன்னேனே, கல்யாணம் முடியும்வரை இவள் அந்த வண்டியில் ஏறவே கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. பெரிய கார் வேண்டும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவள் தன் பையை என்னிடம் கொடுத்தாள். கடையில் கூட வேலை செய்கிறவர்களுக்கு முறுக்கும் அதிரசமும் கட்டி, பை வெடிக்கிற மாதிரி அடைத்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுக்கா என்றாள். பக்கத்து சீட்டு முழுக்கத் திருத்த வேண்டிய பிள்ளைகளின் கொப்பிகள். பையைக் கொக்கியில் மாட்டினேன். தள்ளுவதற்கு அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தபடியே, சும்மா ஒரு பேச்சுக்குச் சாவியைத் திருப்பினேன்.

வண்டி ஒரே திருப்பில் எழுந்துவிட்டது.

தள்ள வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். ராசிக்காரி உள்ளே மஞ்சளும் குங்குமமுமாக உட்கார்ந்திருக்கிறாள். இங்கே வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. ஒன்றும் புரியாமல் மேட்டில் ஏறினேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் போகும்போது வந்தது பாருங்கள், அதே நாற்றம், கண்ணைக் கரித்துக்கொண்டு.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை. தங்கை இல்லாமல் நாற்றம் வந்திருக்கிறது. அப்படியானால் தங்கை இல்லை. அவளுடையது என்று இந்த வண்டியில் வேறு என்ன இருக்கிறது? பை. பையைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். கொக்கி டக்கென்று தானாக மேலே இழுத்துக்கொண்டு உள்ளே போனது. எஞ்சினின் சத்தமே மாறிவிட்டது. கரகரத்த தொண்டை சரியான மாதிரி. மறுபடி மாட்டினேன். பை பாரத்துக்குக் கொக்கி விரல் நீளம் வெளியே வந்தது. எஞ்சின் மறுபடி கரகரத்தது. இத்தனை மாதமும் அது அசைகிற கொக்கி என்றே எனக்குத் தெரியாது.

காலைக் கொழுந்தோடு மடுவத்தில் நின்ற பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், எனக்குத் தெரிந்த பிள்ளையின் அம்மா, கிட்டே வந்தார்.

"என்ன டீச்சர், வண்டியோட வெளையாடுறீங்களா?"

"ஒரு ஒதவி செய்ங்கக்கா. நான் பின்னால போய் நிக்கிறேன். சொல்றப்ப இந்தப் பைய மாட்டுங்க, சொல்றப்ப எடுங்க."

மாட்டுங்க என்றேன். குழாயிலிருந்து கறுப்பாக ஒரு புகை வந்து முகத்தில் அடித்தது. எடுங்க என்றேன். புகை வெளுத்து, வாடை குறைந்தது. மாட்டுங்க. எடுங்க. கொஞ்ச நேரத்தில் மற்றப் பெண்களும் என் பக்கத்தில் வந்து வரிசையாக நின்று மூக்கை நீட்டிக்கொண்டார்கள். இப்ப நாறுது, இப்ப நாறல என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்ல, முன்னால் அந்த அக்கா பையை மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். நிறுக்க வந்த கணக்கப்பிள்ளை தராசை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. காரணம் தெரியாமலேயே அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். தங்கையின் பையிலிருந்து ஒரு கட்டு முறுக்கை எடுத்து அங்கேயே எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர்கள் மன்னிக்கட்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நானாவின் கடை. கையைப் பிடிக்காத குறையாக அவரைக் காருக்கு அழைத்து வந்து கொக்கியைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார். மேலே பிடி உடைந்ததால் யாரோ கம்பியை வளைத்து மாட்டியிருக்கிறார்கள், இழுத்தால் நிற்கிற பூட்டும் தேய்ந்துவிட்டது என்றார்.

"இது பை கொளுவுற கம்பி இல்ல டீச்சர். இதத்தான் சோக்கு என்டு சொல்ற."

சோக்கு. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பழைய கார்களில் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது இதை இழுத்தால் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்குமாம். எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டுமாம். தள்ளாமல் ஓட்டினால் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு, எரியாததைப் பின்னால் கக்கிக்கொண்டே போகுமாம். நான் ஓட்டப் பழகிய புது வண்டியில் இப்படி ஒன்று கிடையாது, யாரும் சொல்லித் தரவும் இல்லை. தங்கையின் ராசி இவ்வளவுதான். ஒரு சோற்றுக் கேரியரும் ஒரு பிளாஸ்க்கும். மேட்டில் ஏறும்போது பை பின்னால் சாய்ந்து இன்னும் இழுத்திருக்கிறது, அதுதான் அங்கே கூடுதல் நாற்றம். அப்படியே நடந்து கராஜுக்குப் போய், பாஸ், சோக் போடலாம், இனிமேல் தினமும் காலையில் போடுகிறேன் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். பூட்டை மாற்றித் தருகிறேன் என்றார். கல்யாணம் முடியட்டும் என்றேன். எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்.

தங்கையிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அப்ப எனக்கு ராசி இல்லையாக்கா என்று ஒரு மாதிரிக் கேட்டாள். பிறகு தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சிரித்தாள் பாருங்கள், பூசின மஞ்சள் உதிர்கிற மாதிரி. அம்மா மட்டும் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழம் வைத்ததால்தான் உனக்கு அந்தப் புத்தி வந்தது என்கிறாள்.

கல்யாணத்தன்று நல்ல குளிர். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய காரும் ஒரு பேச்சுக்கு வந்து, ரோஜாவும் ஜரிகையுமாகப் பின்னால் நின்றது. என் காருக்கு அப்பா இரண்டு கொத்துச் செவ்வந்தி கட்டியிருந்தார், டாங்கி மூடியில் கட்டியிருந்த அதே கம்பியால். தங்கை முன் சீட்டில்தான் உட்காருவேன் என்றாள். மணப்பெண் முன்னால் உட்காருவதா என்று பெரியம்மாக்கள் ஒரு பாட்டம் பேசினார்கள். அவள் கேட்கவில்லை. பின்னால் அம்மாவும் அப்பாவும் ஏறிக்கொண்டார்கள். லயத்துச் சனம் முழுக்க வாசலில்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கூறைச்சேலையும் மல்லிகையுமாக அவளைப் பார்த்ததும் கற்றுக்கொண்டதெல்லாம் மறந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன். வண்டி இருமியது, செருமியது, நின்றது. பக்கத்து வீட்டு மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். பெரிய காரின் டிரைவர் நாசூக்காகத் தன் கதவைத் திறந்தார். எனக்குக் கண் மறைத்தது.

அப்போது பக்கத்திலிருந்து வளையல் சத்தம் கேட்டது. தங்கை குனிந்து, மருதாணி வைத்த கையால் கொக்கியைப் பிடித்து இழுத்தாள்.

"இப்ப திருப்புக்கா."

திருப்பினேன். எழுந்தது.

பூட்டுத் தேய்ந்த கொக்கி, விட்டால் உள்ளே போய்விடும். அதனால் அவள் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். கொஞ்சமாக அந்த நாற்றம் வந்தது. யாரும் ஜன்னலை இறக்கவில்லை. மடுவம் வந்தது, அங்கே நின்ற பெண்கள் கைகாட்டினார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் எஞ்சினின் கரகரப்பு மாறியது. அவளுக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். மெல்லக் கையை எடுத்தாள். கொக்கி உள்ளே போனது.

"போதும்க்கா. இனி தானா ஓடும்."

வண்டியைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கார் முழுக்க மல்லிகை வாசம். கோயில் வாசலில் நிறுத்தி, நானே இறங்கிச் சுற்றி வந்து, அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் பாஸ் சோக்குக்குப் புதுப் பிடியும் பூட்டும் போட்டுத் தந்தார். அந்தப் பழைய கம்பியை எறிய எனக்கு மனம் வரவில்லை. இடது பக்கக் கதவோரம், டாஷ்போர்டுக்குக் கீழே, எதையும் இழுக்காத இடத்தில், திருகி மாட்டித் தரச் சொன்னேன். அவள் வந்தால் பை மாட்ட ஓர் இடம் வேண்டுமே. இப்போது காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம் பார்த்துக் கொத்மலையிலிருந்து அவளுடைய போன் கோல் வரும். தள்ளத் தேவையில்லாமல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், அவளுக்குப் போனிலேயே அது கேட்கும்.

"எப்படிக்கா ஓடுது?"

"சோக்கா ஓடுது."

"எந்தச் சோக்கு?"

"இப்போதைக்கு ரெண்டும்தான்டி," என்று சொல்லிவிட்டு, எஞ்சின் சூடாகும்வரை அவளோடு பேசிக்கொண்டிருப்பேன்.